பதினைந்து கினிக்கு விலைபோன சங்கீதம்

கலைஞன் ஒருவன் இளமையிலே இறந்துபட்டால் அவனுக்காகக் கண்ணீர் வடிப்பதற்கு ஆட்கள் குறைவதில்லை. 'விதி அவனைப் பறித்துக்கொண்டது' என்பார் ஒருவர். 'மேதைகளின் ஆயுள் குறுகியது' என்பார் இன்னொருவர். 'கலைத் தெய்வத்துக்குத் தன்னையே பலியிட்டான்' என்று மூன்றாமவர் முடித்துவைப்பார். இம்மூவரும் ஒரு கேள்வியை மட்டும் கேட்கமாட்டார்கள். அக்கலைஞன் உயிரோடிருந்த காலத்தில் அவனுடைய உழைப்பின் பலன் யாருடைய பெட்டிக்குப் போயிற்று என்பதே அக்கேள்வி. அதனை நாம் இங்கே கேட்க விரும்புகிறோம். அதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் உதாரணம் 37 வயதில் மறைந்த ஆங்கில இசையமைப்பாளர் சாமுவேல் கோல்ரிட்ஜ் டெய்லரின் வாழ்வாகும்.

இசை வரலாறு எழுதுவோர் பலர் இவரைப்பற்றிச் சொல்லும் கதை மிகச் சுருக்கமானது. ஆபிரிக்கத் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்தார், 23 வயதில் ஒரே இரவிற் புகழடைந்தார், அதற்கு நிகரான படைப்பைப் பின்னர் அவரால் தர முடியவில்லை, அளவுக்கு மிஞ்சி எழுதினார், இளமையிலே மறைந்தார். இக்கதையின் ஒவ்வொரு வசனமும் உண்மைபோலவே தோன்றும். ஆனால் அவர் ஏன் அளவுக்கு மிஞ்சி எழுதினார் என்பதை இக்கதை சொல்வதில்லை. சொல்லாமல் விடுவதன் மூலம், பறிகொடுத்தவன் தலையிலேயே பழியையும் ஏற்றிவிடுகிறது. வரலாறு என்ற பெயரில் நடக்கும் இந்த அநீதியை எதிர்த்தே நாம் எழுதுகிறோம்.

டெய்லர் 1875 ஆகஸ்ட் 15ஆம் திகதி லண்டன் நகரின் ஹோபோர்ன் பகுதியிற் பிறந்தார். தந்தை டானியல் டெய்லர் சியரா லியோனிலிருந்து வைத்தியம் படிக்க லண்டனுக்கு வந்தவர். படிப்பு முடிந்ததும், தமக்கு ஒரு மகன் பிறக்கப்போவதை அறியாமலே, அவர் மேற்கு ஆபிரிக்காவுக்குத் திரும்பிவிட்டார். தாய் அலிஸ் மார்ட்டின், சாமுவேல் டெய்லர் கோல்ரிட்ஜ் என்ற ஆங்கிலக் கவிஞரின் பெயரைத் தழுவித் தம் குழந்தைக்குப் பெயரிட்டார். குழந்தை வளர்ந்தது லண்டனுக்குத் தெற்கேயுள்ள குரோய்டனில், தாய்வழிப் பாட்டனார் வீட்டில். பாட்டனார் குதிரைகளுக்கு லாடம் அடிக்கும் தொழிலாளி. அவரே பேரனின் கையிற் பிடிலைக் கொடுத்து முதற் பாடத்தையும் சொல்லிக்கொடுத்தார். சங்கீதம் மேட்டுக்குடியினரின் மாளிகைகளிலேதான் பிறக்கும் என்று நம்புவோர் இந்த லாடக்காரரின் வீட்டைச் சற்று நினைத்துப்பார்க்க வேண்டும்.

தேவாலயப் பாடகர் குழுவொன்றில் இச்சிறுவனின் குரலையும் பிடிலையும் கேட்ட வோல்டர்ஸ் என்பவர் உதவிசெய்ய, 1890இல், 15ஆவது வயதில், டெய்லர் லண்டன் றோயல் சங்கீதக் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே சாள்ஸ் ஸ்டான்போர்டிடம் இசையாக்கம் பயின்றார். பின்னாளிற் பெரும் புகழ்பெற்ற ஹோல்ஸ்டும் வோன் வில்லியம்ஸும் அக்காலத்தில் அக்கல்லூரியிற் பயின்றவர்களே. 1898இல் குளொஸ்டர் நகரத் தேவாலய இசைவிழாவுக்கு ஒரு வாத்தியக்குழுப் படைப்பு வேண்டியிருந்தது. அழைக்கப்பட்ட எட்வேட் எல்கர், தமக்கு நேரமில்லை என்று சொல்லி, இளையோருள் யாவரினும் திறமைசாலி என்று டெய்லரைச் சுட்டிக்காட்டினார். அவ்வாண்டு செப்டெம்பரில் அரங்கேறிய 'பலாட்' என்னும் அப்படைப்பு அவரை நாடறியச் செய்தது.

அதற்கு இரண்டு மாதங்களின் பின்னர், 1898 நவம்பர் 11ஆம் திகதி, றோயல் சங்கீதக் கல்லூரியில் 'ஹயவாதாவின் மணவிருந்து' அரங்கேறியது. நடத்தியவர் ஆசிரியர் ஸ்டான்போர்ட். அக்கால இங்கிலாந்தின் மிகப் பிரபலமான இசையமைப்பாளரான ஆதர் சலிவன், உடல்நலங் குன்றியிருந்தபோதிலும் அதைக் கேட்க வந்திருந்தார். அமெரிக்கக் கவிஞர் லோங்பெலோ 1855இல் வெளியிட்ட காவியத்தின் ஒரு பகுதியே இதன் பாடல். அக்கவிதையின் சந்தம் ஒரே சீராகத் தட்டித்தட்டிச் செல்வது. இசையமைப்பாளனை எளிதிற் சலிப்பில் ஆழ்த்திவிடக்கூடியது. டெய்லர் அந்தச் சந்தத்தையே தமக்குத் துணையாக்கிக்கொண்டார். தொடக்கத்தில் வரும் ஒரு சிறு சுரக்கோவை திரும்பத் திரும்ப வரும். வரும்போதெல்லாம் வேறொரு வாத்தியத்தின் நிறத்தில், வேறொரு சுருதியில் வரும். கூட்டுக்குரல்கள் விருந்தின் ஆரவாரத்தைப் பாடிக்கொண்டே போக, நடுவே ஒரேயொரு தனிக்குரல் எழுந்து காதற் பாட்டொன்றைப் பாடி ஓயும். தேர்ச்சிபெற்ற மேடைப் பாடகர்கள் மாத்திரமன்றி, மாலையில் வேலை முடிந்து ஒத்திகைக்கு வரும் எழுதுவினைஞரும் ஆசிரியரும் தொழிலாளரும் பாடக்கூடிய இசை அது. இங்கிலாந்தின் ஊர்தோறும் இருந்த பாடகர் சங்கங்கள் அதனை ஆவலோடு ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் இதுவே. 1899இல் 'மின்னஹாஹாவின் மரணம்', 1900இல் 'ஹயவாதாவின் புறப்பாடு' என்ற பகுதிகளும் வந்துசேர, முழுப் படைப்பும் அல்பேட் மண்டபத்தில் ஒலித்தது.

இனி அந்தக் கணக்குக்கு வருவோம்.

மேலைச் சங்கீதத்தில் இசையமைப்பாளன் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒவ்வொரு குரலுக்கும் உரிய சுரங்களைத் தாளில் எழுதிவைக்கிறான் என்பதை வாசகர்கள் அறிவர். எழுதிய தாள் அச்சேறுகிறது. அச்சுப் பிரதி சந்தைப் பண்டமாகிறது. ஒரு பாடகர் சங்கத்தில் 200 பேர் பாடினால் 200 பிரதிகள் வேண்டும். ஆகவே இசையை உண்டாக்கியவன் யார் என்பது ஒன்று. அந்தத் தாளுக்குச் சொந்தக்காரன் யார் என்பது வேறொன்று. 'மணவிருந்தின்' சகல உரிமைகளையும் டெய்லர் நொவெல்லோ என்னும் வெளியீட்டு நிறுவனத்துக்கு 15 கினிக்கு விற்றுவிட்டார். ஒரு கினி 21 ஷில்லிங். ஆகவே 15 பவுணும் 15 ஷில்லிங்கும். பிரதிகளோ லட்சக்கணக்கில் விற்பனையாயின. அவற்றில் ஒரு பிரதிக்கேனும் உரிமைத் தொகை கேட்க அதை எழுதியவருக்கு வழியிருக்கவில்லை.

இதற்குச் சிலர் உடனே பதில் சொல்வார்கள். 'யாரும் அவரைக் கட்டிவைத்துக் கையெழுத்து வாங்கவில்லை. விற்பவனும் வாங்குபவனும் மனமொத்துச் செய்த ஒப்பந்தம் அது' என்பதே அப்பதில். நாம் கேட்கிறோம்: ஒரு பக்கத்தில் அச்சுக்கூடமும் விற்பனைக் கிளைகளும் விளம்பரமும் மூலதனமும் கொண்ட நிறுவனம், மறுபக்கத்தில் தகப்பன் பெயர் சொல்ல ஆளில்லாத, 23 வயதுடைய ஒரு கறுப்பு இளைஞர். தமது படைப்பு அச்சேறாவிட்டால் அவர் யாருக்கு அதைப் பாடிக்காட்டுவார்? அடுத்த மாத வாடகையை எதைக்கொண்டு செலுத்துவார்? பசித்தவனும் பண்டசாலைக்காரனும் எதிரெதிரே நின்று செய்யும் ஒப்பந்தத்தைச் சுதந்திர ஒப்பந்தம் என்பது, சந்தையை நியாயமாக்குவதற்குக் கண்டுபிடித்த சொல்லேயன்றி வேறில்லை.

'அது அக்காலத்து வழக்கம்' என்று வேறு சிலர் சமாதானம் சொல்வர். வழக்கந்தான், அதை நாம் மறுக்கவில்லை. வெள்ளையரான எல்கரும் தமது புகழ்பெற்ற சிறு படைப்பொன்றை இவ்வாறே சொற்பத் தொகைக்கு முற்றாக விற்றவர்தான். இது நமது வாதத்தை மெலிவிக்கவில்லை, வலுப்படுத்துகிறது. ஒரு தனி வியாபாரியின் பேராசையைப்பற்றி நாம் பேசவில்லை. நொவெல்லோ நிறுவனத்தில் டெய்லரின் ஆற்றலை உணர்ந்து போற்றிய நல்ல இரசிகர்களும் இருந்தனர். எல்கருக்கே அவரை மேதையென்று அறிமுகஞ்செய்த யேகர் அவர்களில் ஒருவர். இரசிகன் ஒரு மேசையிலும் கணக்கன் மறு மேசையிலும் இருக்க, கணக்கனின் பேரேடே இறுதித் தீர்ப்பு வழங்குகிறது. நல்ல மனிதர்கள் நிறைந்த நிறுவனமும் அநீதியைத் தவறாமற் செய்யக்கூடியதாக இருப்பதே ஓர் அமைப்பின் இயல்பு. ஆகவேதான் அமைப்பைப்பற்றிப் பேசுகிறோம்.

15 கினி எத்தனை நாளுக்குப் போதும்? 1899 இறுதியில் டெய்லர் தம்மோடு கல்லூரியிற் பயின்ற ஜெஸி வோல்மிஸ்லியை, பெண் வீட்டாரின் எதிர்ப்பையும் மீறி மணந்தார். இரண்டு பிள்ளைகள் பிறந்தனர். லட்சக்கணக்கானோர் வாயில் ஒலித்த பாட்டின் சொந்தக்காரர், அல்லது சொந்தக்காரராயிருக்க வேண்டியவர், குடும்பத்தைக் காப்பதற்கு என்னென்ன செய்தார் என்பதைப் பாருங்கள். குரோய்டனிற் பிடில் கற்பித்தார். 1903 முதல் டிரினிற்றி சங்கீதக் கல்லூரியில் இசையாக்கம் கற்பித்தார். அக்கல்லூரியின் பரீட்சைகளுக்கு நமது நாட்டுப் பிள்ளைகளும் தோற்றி வந்திருக்கிறார்கள். 1910 முதல் கில்ட்ஹோல் சங்கீதப் பாடசாலையிலும் கற்பித்தார். றொச்செஸ்டரில் ஒரு பாடகர் சங்கத்தை நடத்தினார். லண்டனில் ஹண்டெல் சங்கத்தை 1904 முதல் இறக்கும்வரை நடத்தினார். வேல்ஸ் நாட்டுப் பாட்டுப் போட்டிகளுக்கு நடுவராகப் போய்வந்தார். பீர்போம் டிரீயின் நாடகங்களுக்குப் பின்னணி இசை எழுதிக்கொடுத்தார். இவ்வளவுக்கும் இடையே, புகையிரதப் பயணங்களுக்கும் வகுப்புகளுக்கும் நடுவிற் கிடைத்த நேரத்தில், தமது சொந்த இசையை எழுதினார்.

'அவருடைய பிந்திய படைப்புகளில் முதிர்ச்சி போதாது' என்று தீர்ப்புச் சொல்லும் விமர்சகர்களிடம் ஓர் ஒப்பீட்டை முன்வைக்கிறோம். அதே கல்லூரியிற் பயின்ற வோன் வில்லியம்ஸ், டெய்லரைவிட மூன்று வயது மூத்தவர். வெஜ்வுட், டார்வின் குடும்பங்களோடு உறவுடையவர். வருவாய்க்காக நாள்முழுவதும் ஓடவேண்டிய நிலை அவருக்கு இருக்கவில்லை. அவர் ஆறுதலாகக் கற்றார், நாட்டுப்பாடல்களைச் சேகரித்தார், எழுதியதைத் திருத்தினார். அவருக்கு நிலையான இடத்தைத் தேடிக்கொடுத்த 'டாலிஸ் கருப்பொருட் கற்பனை' 1910 செப்டெம்பரில் அரங்கேறியபோது அவருக்கு வயது 37. முதலாவது சிம்பொனி அரங்கேறியது அவரது 38ஆவது பிறந்தநாளில். 1958வரை வாழ்ந்து ஒன்பது சிம்பொனிகளைத் தந்தார். அவரது மேதைமையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. டெய்லர் இறந்த அதே வயதில் அவரும் இறந்திருந்தால் அவரைப்பற்றி இன்று எத்தனைபேர் பேசுவர் என்றே கேட்கிறோம். முதிர்ச்சி வானத்திலிருந்து இறங்குவதில்லை. அதற்குக் காலம் வேண்டும். காலத்துக்குப் பணம் வேண்டும். ஒருவருக்கு அது பிறப்பிலே கிடைத்தது. மற்றவர் அதைத் தமது இசையாலேயே சம்பாதித்தார். சம்பாதித்தது வேறொருவர் கைக்குப் போயிற்று.

வர்க்க நெருக்குதல் ஒருபுறமாக, நிற வெறியின் நெருக்குதல் மறுபுறமாக நின்றது. பள்ளிப் பருவத்தில், எரிகிறதா பார்ப்போமென்று சொல்லி இவருடைய சுருள்மயிருக்கு நெருப்பு வைத்த கதையை இவரது வாழ்க்கை வரலாறு கூறுகிறது. புகழடைந்த பின்னரும் குரோய்டன் தெருக்களில் இளைஞர் கூட்டங்கள் இவருடைய நிறத்தைச் சொல்லிக் கேலிசெய்தன. அத்தகைய கூட்டம் எதிர்ப்படும்போது தந்தையார் தமது கையை வலிக்குமளவுக்கு இறுகப் பற்றிக்கொள்வார் என்று மகள் ஏவ்ரில் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அல்பேட் மண்டபத்தில் ஆயிரக்கணக்கானோரின் கரகோஷத்தை ஏற்ற அதே கை அது. மேடையில் ஒருவனைக் கௌரவித்துத் தெருவில் அவனை அவமதிக்க ஒரு சமுதாயத்தால் முடியும். இரண்டையும் ஒரே நாளிற் செய்யவும் முடியும். ஆகவே, 'புகழ் கிடைத்ததே, பின்னர் நிறபேதம் எங்கே?' என்று கேட்போரின் வாதம் அந்தத் தெருமுனையிலேயே தோற்றுப்போகிறது.

ஆனால் டெய்லரை வெறும் பரிதாபப் பாத்திரமாக்குவதையும் நாம் ஏற்கமாட்டோம். பரிதாபம் காட்டுவோர் ஒருவனுடைய துன்பத்தை நினைவில் வைத்துக்கொண்டு அவனுடைய போராட்டத்தை மறந்துவிடுவார்கள். அவர் போராடினார், அதுவும் கண் திறந்தே போராடினார். அமெரிக்கக் கறுப்பினக் கவிஞரான போல் லோரன்ஸ் டன்பாரை இளம் வயதிலேயே லண்டனிற் சந்தித்து அவருடைய கவிதைகளுக்கு இசையமைத்தார். 1900 யூலையில் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரிற் கூடிய முதலாவது அனைத்து ஆபிரிக்க மாநாட்டில் இவரும் ஒரு பிரதிநிதி. ஏகாதிபத்தியத்தின் தலைநகரிலேயே ஆபிரிக்க வழிவந்தோர் ஒன்றுகூடித் தமது உரிமைகளைப்பற்றிப் பேசிய அம்மாநாட்டிலே டபிள்யூ. ஈ. பி. டுபோய்சும் கலந்துகொண்டார். டெய்லர் மறைந்த பின்னர், 1920இல் வெளியிட்ட நூலொன்றில் டுபோய்ஸ் அவருக்கென ஓர் அத்தியாயமே ஒதுக்கினார்.

1901இல், வாஷிங்டன் நகரத்துக் கறுப்பினப் பாடகர்கள் டெய்லரின் பெயராலேயே ஒரு பாடகர் சங்கம் அமைத்தனர். அச்சங்கத்தின் அழைப்பின்பேரில் 1904இல் அவர் அமெரிக்கா சென்றார். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டு நாற்பது ஆண்டுகளே கழிந்திருந்த ஒரு மக்களின் பிள்ளைகள் 200 பேர்வரை மேடையேறி 'ஹயவாதா'வைப் பாட, டெய்லர் நடத்தினார். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகையில் அவரை வரவேற்றார். 1906இலும் 1910இலும் மீண்டும் சென்றார். அந்த மக்கள் அடிமை வாழ்விற் பாடிய துயரப் பாடல்களையும், ஆபிரிக்க நாட்டுப்பாடல்களையும் எடுத்து 'இருபத்துநான்கு நீக்ரோ மெட்டுகள்' என்று பியானோவுக்கு அமைத்து 1905இல் வெளியிட்டார். ஹங்கேரிய மெட்டுகளுக்கு பிராம்ஸும், பொஹீமிய மெட்டுகளுக்கு ட்வொர்ஷாக்கும், நோர்வே மெட்டுகளுக்கு கிரீக்கும் செய்த தொண்டைத் தாம் இம்மெட்டுகளுக்குச் செய்ய முயன்றதாக முகவுரையிற் குறிப்பிட்டார்.

தூய கலைவாதிகள் இதைக் கவனிக்கவேண்டும். 'சங்கீதத்துக்கு நிறமில்லை, இனமில்லை' என்று அவர்கள் அடிக்கடி சொல்கிறார்கள். நோர்வேக்காரர் தமது நாட்டு மெட்டை எடுத்தால் அது தேசிய உணர்வு. ஆபிரிக்க வழிவந்தவர் தமது மூதாதையர் மெட்டை எடுத்தால் மட்டும் அது சங்கீதத்தில் அரசியலைக் கலப்பதாகிவிடுகிறது. டெய்லர் 1901இல் எழுதிய ஒரு வாத்தியக்குழு முகப்பிசைக்கு 'டூசேன் லூவெர்த்தூர்' என்று பெயரிட்டார். ஹெயிட்டித் தீவில் அடிமைகளைத் திரட்டிப் போரிட்டு, பிரெஞ்சுச் சிறையில் மாண்ட மாவீரனின் பெயர் அது. 1912இல், கறுப்பினத்தவரை இழிவுபடுத்திக் குரோய்டன் பகுதியிற் பாதிரியார் ஒருவர் பேசியபோது, உள்ளூர்ப் பத்திரிகையில் அதைக் கண்டித்து, ஆங்கிலேயர் நடுவே கறுப்பினத்தவரைப்பற்றி நிலவும் அறியாமையை வெளிப்படையாகச் சாடி எழுதினார். பாடகர் சங்கங்களின் அழைப்பை நம்பிப் பிழைத்த மனிதர் இதை எழுதினார் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

இங்கே நாம் ஓர் உண்மையை மறைக்கலாகாது. அவரது புகழுக்கெல்லாம் அடிப்படையான 'ஹயவாதா', கருத்தளவிற் குறைபாடுடைய காவியத்தின்மேல் எழுந்ததே. லோங்பெலோவின் கவிதை அமெரிக்கப் பழங்குடி மக்களை வெள்ளையரின் கற்பனைக் கண்ணாடியினூடே பார்க்கிறது. நாயகன் வெள்ளை மதகுருக்களை வரவேற்றுவிட்டுத் தானே விடைபெற்றுப் போவதோடு அது முடிகிறது. தமது நிலத்திலிருந்து துப்பாக்கிமுனையில் விரட்டப்பட்ட ஒரு மக்களின் கதை இவ்வாறு முடிவது யாருக்கு வசதியானது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆங்கில நடுத்தர வகுப்பினர் இப்படைப்பைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியதற்கும், 'டூசேன்' முகப்பிசை அலுமாரியில் தூங்கியதற்கும் தொடர்பு இல்லையென்று நாம் நம்பத் தயாரில்லை. 1907க்கும் 1909க்கும் இடையில் அவர் எழுதிய 'தெல்மா' என்ற இசைநாடகம் அவர் வாழ்நாளில் மேடையேறவேயில்லை. அது அரங்கு கண்டது 2012இல், குரோய்டனில். கலைஞனின் எந்தப் படைப்பு வாழவேண்டும், எது தூங்கவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமையும் 15 கினியோடு சேர்ந்தே விலைபோய்விடுகிறது.

1912 ஆகஸ்ட் 28ஆம் திகதி மேற்குக் குரோய்டன் புகையிரத நிலையத்தில் டெய்லர் மயங்கி விழுந்தார். நிமோனியாக் காய்ச்சல் கண்டு செப்டெம்பர் 1ஆம் திகதி மறைந்தார். அவரது பிடில் கொன்சேர்ட்டோ அமெரிக்காவில் அரங்கேறி மூன்று மாதங்களே ஆகியிருந்தன. நிமோனியா எவருக்கும் வரக்கூடியது என்பதை நாமறிவோம். ஆனால் ஓய்வறியாத உடலுக்கும் ஓய்ந்த உடலுக்கும் நோயைத் தாங்கும் வலிமை ஒன்றல்ல என்பதை எந்தத் தொழிலாளியும் அறிவான்.

பின்னர் கண்ணீர் பெருகியது. அல்பேட் மண்டபத்தில் நடந்த நினைவுக் கச்சேரியில் குடும்பத்துக்காக 1,400 பவுணுக்கு மேற் சேர்ந்தது. அரசர் விதவைக்கு ஆண்டுக்கு 100 பவுண் உதவித்தொகை அளித்தார். கல்லறையில் 'ஹயவாதா'விலிருந்து நான்கு இசைக்கூறுகளைச் சுரக்குறியோடு செதுக்கினர். கல்லிலே செதுக்கிய அந்தச் சுரங்கள் அவருக்குச் சொந்தமாயிருக்கவில்லை. தருமம் கொடுத்தவர்களின் நல்ல மனத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால் உரிமையாகக் கிடைக்கவேண்டியதைத் தருமமாகப் பெறும்போது, கொடுப்பவன் வள்ளலாகிறான், பெறுபவன் கடன்காரனாகிறான். 1924 முதல் 1939வரை அதே மண்டபத்தில் 'ஹயவாதா' ஏறக்குறைய ஆண்டுதோறும் பெருங் காட்சியாக நடத்தப்பட்டது. நூற்றுக்கணக்கான ஆங்கிலப் பாடகர்கள் முகத்திற் சாயம்பூசி, தலையில் இறகு சூடி ஆடிப்பாட, மண்டபம் நிறைந்தது. எழுதியவர் 1912லிருந்தே மண்ணுக்குள் இருந்தார்.

நிறவெறியும் அவருடைய மரணத்தோடு நின்றுவிடவில்லை. மகள் ஏவ்ரில் தாமே இசையமைப்பாளராகவும் வாத்தியக்குழு நடத்துநராகவும் உயர்ந்தவர். 1952இல் அவர் தென்னாபிரிக்கா சென்றார். தோற்றத்தால் வெள்ளையராகக் கொள்ளப்பட்ட அவர் அங்கிருந்த இன ஒதுக்கலை முதலில் எதிர்க்கவுமில்லை. ஆனால் அவருடைய ஆபிரிக்க வழி தெரியவந்ததும் அந்த அரசு அவரைத் தொழில்செய்ய விடாமல் தடுத்தது. தந்தை கையை இறுகப் பற்றி எதிலிருந்து காக்க முயன்றாரோ, அது நாற்பது ஆண்டுகள் கழித்துச் சட்டப் புத்தகத்தின் உருவில் மகளின் முன் வந்து நின்றது.

இவ்வளவு இருளிலும் நாம் பற்றிக்கொள்ளவேண்டிய ஒரு செய்தி உண்டு. டெய்லரின் கதி பிரித்தானிய இசைஞர் பலரைச் சிந்திக்கவைத்தது. 1914இல் இசை நிகழ்த்தும் உரிமைக்கான சங்கம் லண்டனில் நிறுவப்பட்டது. பொது மேடையில் ஓர் இசை ஒலிக்குந்தோறும் அதற்கான கட்டணத்தை அறவிட்டு உரியவருக்குச் சேர்ப்பது அதன் பணி. அச்சங்கம் அமைவதற்கு டெய்லரின் அனுபவமும் ஒரு தூண்டுகோலாயிற்று. அதைத் தொழிலாளர் புரட்சியென்று நாம் மிகைப்படுத்தவில்லை. வெளியீட்டாளரும் அதில் அங்கம் வகித்தனர். ஆயினும், தனித்தனியே நின்று கினிக்குக் கையெழுத்திட்ட மனிதர்கள் கூடிநின்று கணக்குக் கேட்கத் தொடங்கினார்கள். நினைவுக் கச்சேரி ஓர் இரவில் முடிந்தது. சங்கம் நூறாண்டு கடந்தும் வாழ்கிறது.

ஆகவே ஆசிரியர்களையும் மாணவர்களையும் நாம் கேட்டுக்கொள்வது இதுதான். ஒரு மேதையின் அற்ப ஆயுளைப்பற்றி வகுப்பிற் பேசும்போது, அவன் எங்கே பிறந்தான், எப்போது இறந்தான் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அவனுக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள், அவனால் யார் எவ்வளவு பெற்றார்கள், அவன் தன் பிள்ளையோடு தெருவில் நடந்தபோது என்ன கேட்டான் என்பவற்றையும் பாடத்திற் சேருங்கள். அதன் பின்னர் 'ஹயவாதாவின் மணவிருந்'தையும் 'டூசேன்' முகப்பிசையையும் 'இருபத்துநான்கு மெட்டு'களையும் கேளுங்கள், மாணவர்களுக்கும் கேட்கச்செய்யுங்கள். அந்த இசை குறையின்றி இனிக்கும். குரோய்டனில் ஒரு தந்தையின் கை இறுகியதையும் அப்போது அவர்கள் மறக்கமாட்டார்கள்.